கேமராவோடு நடக்க எந்த டச்சு ஊர்? ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், ஹார்லெம், இன்னும் சில

நெதர்லாந்துக்குப் போகிறேன், பழைய கட்டடங்களை நடந்தே பார்த்துப் படம் எடுக்க ஒன்றிரண்டு நாள்தான் இருக்கிறது, எங்கே போகட்டும் என்று யார் கேட்டாலும், சுற்றியிருப்பவர்கள் யோசிக்காமல் ஆம்ஸ்டர்டாம் என்பார்கள். ஊர் சுற்ற மட்டும் என்றால் அது சரியான பதில்தான். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கு என் பதில் வேறு. ஒரே நாள் இருந்தால் டெல்ஃப்ட். இரண்டு நாள் இருந்தால் டெல்ஃப்டும், ஆம்ஸ்டர்டாமின் ஒரு அதிகாலையும். ஹார்லெம் இந்த இரண்டுக்கும் கடும் போட்டி கொடுக்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, டச்சு வீடு எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வீடு ஒல்லியானது, உயரமானது. கால்வாய் ஓரத்துப் பழைய வீடுகளில் பலவற்றின் முன்பக்கம் ஐந்தாறு மீட்டர் அகலம்தான் இருக்கும். ஆனால் நான்கைந்து மாடி எழும்பி நிற்கும். அலங்காரமெல்லாம் உச்சியில். படிப்படியாக ஏறும் செங்கல் முகடு, இரண்டு பக்கமும் கல் சுருள் வைத்த கழுத்துபோன்ற முகடு, மணியைக் கவிழ்த்த மாதிரி வளைந்த முகடு என்று, எந்தக் காலத்து வீடு என்பதை அந்த உச்சியை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். அதைப் படத்தில் கொண்டுவர வேண்டுமானால் பின்னால் நகர இடம் வேண்டும். வீட்டை ஒட்டி நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், சுவர்கள் மேலே போகப்போகக் குறுகி, வீடு பின்பக்கம் விழுவதுபோல் வரும். எதிர்க்கரையில் நின்று கேமராவை மட்டமாகப் பிடித்தால் நேராக வரும். ஆகவே கால்வாயின் அகலம் இங்கே அழகுக்கான விஷயம் மட்டுமல்ல, படத்துக்கே அடிப்படை.

இரண்டாவது வெளிச்சம். இந்த நாடு ஏறக்குறைய 52 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பரில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தைத் தொடாது. ஒடுக்கமான தெருவில் தரைக்கு வெயிலே வராது. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஒரு கரை காலையில் ஒளிரும், எதிர்க்கரை மாலையில் ஒளிரும். அதனால் மூன்றாவது கேள்வி வருகிறது, எனக்கு இதுதான் முக்கியமானது: காலையில் பார்த்த சுவருக்கு மாலையில் திரும்ப வர முடியுமா? பெரிய ஊரில் முடியாது. சின்ன ஊரில் தானாகவே நடந்துவிடும்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமைப் பார்ப்போம். கட்டடங்களின் எண்ணிக்கையிலும் வகையிலும் அதற்கு ஈடு கிடையாது. ஹேரென்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்ற மூன்று பெரிய கால்வாய்களை 1613 வாக்கில் வெட்டத் தொடங்கினார்கள். இந்தக் கால்வாய் வட்டாரம் 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூன்றும் அகலமானவை. எதிர்க்கரையில் நின்றால் முழு வீடும் நேராகச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

ஒரே இடத்தைச் சொல்லச் சொன்னால் ஹேரென்கிராக்ட் 168, 170 என்ற எண்களைச் சொல்வேன். 170இல் இருப்பது பார்டொலொட்டி இல்லம். 1617ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, ஹென்ட்ரிக் டி கெய்சர் என்ற கட்டடக் கலைஞரின் வேலையாகக் கருதப்படுவது. சிவப்புச் செங்கல்லின் குறுக்கே வெள்ளைக் கல் பட்டைகள், படியும் சுருளும் தூணும் போட்டி போடும் உச்சி. கால்வாய் அந்த இடத்தில் வளைகிறது, அந்த வளைவுக்கு ஏற்ப வீட்டின் முகப்பும் மடங்கியிருக்கிறது. அதன் பக்கத்துச் சுவர் 168. ஃபிலிப்ஸ் விங்போன்ஸ் 1638இல் கட்டியது. வெளிர் நிறக் கல் முகப்பு, அமைதியான கோடுகள், மேலே கழுத்து மாதிரி எழும் ஒற்றை முகடு. அந்த ஊரில் பின்னால் நூற்றுக்கணக்கில் பரவிய வடிவத்துக்கு இதுதான் தொடக்கம் என்று சொல்கிறார்கள். இருபது வருட இடைவெளியில் ஒரு நகரத்தின் ரசனை எப்படி மாறியது என்பது ஒரே படத்தில் அடங்கிவிடுகிறது. இரண்டும் மேற்குக் கரையில் கிழக்கு பார்த்து நிற்பதால் காலை வெயில் நேராக முகத்தில் விழும். வளைவு தெரிய வேண்டுமானால் நேர் எதிரே நிற்காமல் எதிர்க்கரையில் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள்.

அந்த ஊரில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் இன்னொரு விஷயம், முகட்டுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரமும் அதன் கொக்கியும். உள்ளே மாடிப்படி அவ்வளவு குறுகல் என்பதால் சரக்கையும் சாமான்களையும் கயிறு கட்டி வெளியிலிருந்தே மேலே இழுத்து சன்னல் வழியாக உள்ளே எடுத்தார்கள். இன்றும் வீடு மாறும்போது அந்தக் கொக்கிக்கு வேலை வருகிறது. பல வீடுகளின் முன்சுவர் தெருப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இழுக்கும் மூட்டை சுவரில் இடிக்காமல் இருக்க அது உதவியது. இந்தச் சாய்வு நேர் எதிரே நின்றால் தெரியவே தெரியாது. சுவர் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று எடுத்தால்தான் தெரியும்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஆம்ஸ்டர்டாமை முதலில் வைக்கவில்லை? மரங்கள் முதல் காரணம். கால்வாய் ஓரமெல்லாம் எல்ம் மரங்கள். மே மாதம் இலை விட்டால் அக்டோபர் வரை முகப்புகளில் பாதி பச்சைத் திரைக்குப் பின்னால் போய்விடும். நடப்பவருக்கு அந்த நிழல் சுகம், முகப்பைப் படம் எடுக்க வருகிறவருக்குத் தடை. அப்புறம் கூட்டம். பகல் பத்து மணிக்கு மேல் பாலங்களில் நிற்க இடம் கிடைப்பதே கஷ்டம். நின்றாலும் சைக்கிள்காரர்கள் மணி அடித்தபடி இருப்பார்கள். கரையோரம் நிறுத்திய கார்களும் சைக்கிள்களும் கீழ்த்தளத்தை மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஊர் பெரியது. காலையில் ஹேரென்கிராக்டில் இருந்தால், மாலை வெயிலில், வெஸ்டர்கெர்க் தேவாலயத்தின் பக்கத்தில் மேற்கு பார்த்து நிற்கும் பிரின்சன்கிராக்ட் வீடுகளுக்கு வரலாம்தான், ஆனால் இடைப்பட்ட எட்டு மணி நேரம் உங்களை வேறெங்கோ இழுத்துவிடும். அதனால்தான் ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு அதிகாலை போதும் என்கிறேன். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, மரம் மொட்டையாக இருக்கும்போது, காலை ஏழிலிருந்து பத்து வரை. அந்த மூன்று மணி நேரத்துக்கு இணை எதுவும் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

டெல்ஃப்டுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஹேக் நகரிலிருந்தோ ராட்டர்டாமிலிருந்தோ வந்தால் கால் மணி நேரம். ரயில் பூமிக்கடியில் நிற்கும். மேலே வரும்போது நிலையக் கூரையைப் பாருங்கள். 1877ஆம் ஆண்டு டெல்ஃப்ட் வரைபடத்தை நீல நிறத்தில் கூரை முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். அன்றைய நடைக்கான வழி அதிலேயே இருக்கிறது. இன்றைக்கும் பழைய ஊரின் கால்வாய்கள் பெரும்பாலும் அதே கோட்டில்தான் ஓடுகின்றன. அதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினால் பத்து நிமிடத்தில் ஊர் நடுவே இருக்கும் பெரிய சதுக்கம்.

சதுக்கத்தின் மேற்கு முனையில் நகர மண்டபம், கிழக்கு முனையில் நியூவெ கெர்க் என்ற தேவாலயம். மண்டபத்தின் முகப்பு கிழக்கு பார்த்தது, தேவாலயக் கோபுரம் மேற்கு பார்த்தது. காலையில் மண்டபத்தின் மேல் வெயில், மாலையில் கோபுரத்தின் மேல். நடுவில் நின்று திரும்பினால் போதும். படம் எடுப்பவர் வசதிக்காகவே ஊரை அமைத்தார்களோ என்று தோன்றும்.

நகர மண்டபத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 1618இல் பழைய மண்டபம் எரிந்தது. ஆம்ஸ்டர்டாமில் பார்த்த அதே ஹென்ட்ரிக் டி கெய்சர் 1620க்குள் புதியதைக் கட்டினார். எரியாமல் தப்பியது பழைய கற்கோபுரம் ஒன்று. அதை இடிக்காமல், சுற்றிலும் தன் கட்டடத்தை எழுப்பினார். முன்னால் நின்றால் சிவப்புச் சன்னல் கதவுகளும் செதுக்கிய கல்லுமாகப் பளிச்சென்று இருக்கும். பின்பக்கம் சுற்றிப் போனால் அந்தப் பழைய கோபுரத்தின் சாம்பல் நிறக் கல், முரட்டுத்தனமாக, சிறிய சன்னல்களோடு நிற்கும். முன்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மேகமூட்டமான நேரத்தை இந்தப் பின்சுவருக்கு ஒதுக்குங்கள். கல்லின் சொரசொரப்பு அப்போதுதான் நன்றாக வரும்.

ஊரின் இன்னொரு நாயகன் அவுடெ கெர்க், பழைய தேவாலயம். ஓவியர் வெர்மீர் அடக்கமான இடம். அதன் 75 மீட்டர் கோபுரம் தூர்த்த கால்வாயின் மேல் எழுப்பப்பட்டதால், கட்டிக்கொண்டிருக்கும்போதே சாய ஆரம்பித்துவிட்டது. உச்சி இன்று சுமார் இரண்டு மீட்டர் விலகியிருக்கிறது. படம் எடுக்கும்போது இங்கே ஒரு சிக்கல் உண்டு. கேமராவை அண்ணாந்து பிடித்தால் எல்லாமே சாயும், கோபுரத்தின் உண்மையான சாய்வு அதில் தொலைந்துவிடும். அவுடெ டெல்ஃப்ட் கால்வாயின் மேலுள்ள ஒரு பாலத்தில் தள்ளி நின்று, பக்கத்து வீட்டுச் சன்னல் சட்டங்கள் செங்குத்தாக வரும்படி கேமராவை மட்டம் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது சாய்ந்திருப்பது கோபுரம் மட்டும்தான் என்று பார்ப்பவருக்குப் புரியும்.

டெல்ஃப்டின் குறையையும் சொல்ல வேண்டும். கால்வாய்கள் குறுகல். ஆம்ஸ்டர்டாம் மாதிரி எதிர்க்கரையிலிருந்து முழு வீட்டைப் பிடிக்க அகலக் கோண லென்ஸ் தேவைப்படும். வீடுகளிலும் ஆம்ஸ்டர்டாமின் பகட்டு இல்லை. 1536இல் பெரும் தீ, 1654 அக்டோபரில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஊரின் ஒரு பகுதியே தரைமட்டம். ஓவியர் கரேல் ஃபாப்ரிட்டியஸ் அந்த வெடிப்பில்தான் இறந்தார். இவற்றுக்கு முந்தைய கட்டடங்கள் அரிது. அந்த அரிதில் ஒன்று அவுடெ டெல்ஃப்ட் கால்வாயோரம் இருக்கும் டெல்ஃப்லாந்து நீர் வாரிய அலுவலகம், 1505 வாக்கிலானது. கோதிக் பாணிக் கல் முகப்பில் வண்ணக் கேடயங்கள் வரிசையாக இருக்கும். ஊரின் தென்கிழக்கு மூலையில், 1400ஐ ஒட்டிக் கட்டிய கிழக்கு வாசல் தன் இரண்டு ஊசிக் கோபுரங்களோடு நீரில் பிரதிபலிக்கும். ஊர்ச் சுவரில் இருந்த வாசல்களில் எஞ்சியது இது ஒன்றுதான். இவையெல்லாம் இருபது நிமிட நடைக்குள் அடக்கம். காலையில் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் மதியம் திரும்ப வரலாம், மதியமும் சரியில்லை என்றால் அந்தியில் வரலாம். நான் டெல்ஃப்டுக்கு ஓட்டுப் போடுவது இதற்காகத்தான். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று சதுக்கம் முழுவதும் சந்தை.

ஹார்லெம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகாது. ஆம்ஸ்டர்டாமில் தங்குகிறவர், மதியத்துக்கு மேல் ஒரு அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால், டெல்ஃப்டை விட்டுவிட்டு இங்கேயே போகலாம். ஊர் நடுவிலுள்ள க்ரோட்டெ மார்க்ட் சதுக்கத்தை 17ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹெரிட் பெர்க்ஹெய்டெ திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் நின்ற இடத்தில் நின்றால் தேவாலயமும் பக்கத்துக் கட்டடங்களும் ஏறக்குறைய அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். அங்கே என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பது இறைச்சிச் சந்தை மண்டபம். லீவன் டி கெய் கட்டியது, 1602இல் தொடங்கி ஓரிரு ஆண்டில் முடிந்தது. ஆட்டுத் தலையும் மாட்டுத் தலையும் கல்லில் செதுக்கி, முகட்டின் ஒவ்வொரு படியிலும் கூர் வைத்து, இறைச்சி விற்கிற இடத்துக்கு ஒரு அரண்மனையின் உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள். இதற்கு, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் லென்ஸ், 85 மில்லிமீட்டருக்குக் குறையாதது, கையில் இருப்பது நல்லது. முழுக் கட்டடத்தையும் ஒரு படம் எடுத்துவிட்டு, மீதி நேரம் முழுக்க ஒவ்வொரு தலையாக எடுக்கலாம்.

ஹார்லெமின் தனிச்சொத்து அதன் உள்முற்றங்கள். வசதியானவர்கள் வயதான ஏழைப் பெண்களுக்காகக் கட்டிவைத்த சிறு வீட்டுத் தொகுதிகள், நடுவில் தோட்டம். பாகெனெஸ் முற்றம் 1395இல் நிறுவப்பட்டது. தெருவில் ஒரு சாதாரணக் கதவு மாதிரி இருக்கும், தள்ளிக்கொண்டு நுழைந்தால் சத்தமே இல்லாத இன்னொரு ஊர். இவை காட்சிப் பொருள்கள் அல்ல, இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சன்னலுக்குள் லென்ஸைத் திருப்பக்கூடாது, குரலைத் தணிக்க வேண்டும், மூடியிருந்தால் திரும்பிவிட வேண்டும். ஞாயிறன்று பல முற்றங்கள் திறப்பதில்லை. சனிக்கிழமை சதுக்கத்தில் சந்தை. ஆக ஹார்லெமுக்குச் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள். டெல்ஃப்டா ஹார்லெமா என்று இழுபறி வந்தால், நுணுக்கமான சிற்ப வேலையும் முற்றங்களும் பிடித்தவருக்கு ஹார்லெம். தண்ணீர், கோபுரம், மாறும் வெளிச்சம் வேண்டுமென்றால் டெல்ஃப்ட்.

லெய்டனைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ராப்பன்பர்க் கால்வாய் அழகு, முற்றங்கள் இங்கேயும் நிறைய. ஆனால் 1929இல் எரிந்த நகர மண்டபத்தில் பழைய முகப்பு மட்டுமே தப்பியது. மழை நாளுக்கு நல்ல ஊர், அருங்காட்சியகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்ததைச் சொல்லும் சோழர் செப்பேடுகளை நம் வரலாற்று நூல்கள் லெய்டன் செப்பேடுகள் என்று குறிப்பிடுவது இந்த ஊரை வைத்துத்தான்.

உட்ரெக்ட் வேறு மாதிரி. அங்கே கால்வாய் தெருவைவிட ஒரு தளம் கீழே ஓடுகிறது. கரையோரம் சரக்குப் படகிலிருந்து நேராகச் சாமான் இறக்கிய நிலவறைகள், அவற்றின் தலைக்கு மேல் தெரு. நீர்மட்டத்தில் நடந்தபடி மேலே இருக்கும் வீடுகளை எடுக்கலாம், வேறு எந்த ஊரிலும் இந்தக் கோணம் இவ்வளவு நீளத்துக்குக் கிடைக்காது. வெளிச்சம்தான் அடிவரை இறங்காது. 112 மீட்டர் உயர டொம் கோபுரம் 1321இல் தொடங்கி 1382இல் முடிந்தது. 1674 புயலில் தேவாலயத்தின் நடுப்பகுதி சரிந்து, கோபுரமும் மீதித் தேவாலயமும் தனித்தனியாக நிற்கின்றன. இடையில் உள்ள காலி இடம்தான் அந்தச் சதுக்கத்தில் எடுக்க வேண்டிய படம். மிடல்பர்க் தொலைவு, ஆம்ஸ்டர்டாமிலிருந்து இரண்டரை மணி நேரம். 1940 மே 17 அன்று எரிந்து, பழைய பாணியில் திரும்பக் கட்டப்பட்ட ஊர். போரும் மறுகட்டுமானமும் உங்கள் அக்கறை என்றால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

மூன்றாம் நாள் கிடைத்தால் ஹோர்ன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், கூட்டம் குறைவு, துறைமுகம் திறந்த நீர்ப்பரப்பை ஒட்டியது. 1532இல் கட்டிய ஹோஃப்ட்டோரன் காவல் கோபுரம் தண்ணீர் விளிம்பில் நிற்கிறது. அதன் அருகே துறையோர வீடுகள் படி முகடுகளோடு நீரைப் பார்த்து வரிசையாக நிற்கும். முன்னால் தெருவோ மரமோ மறைக்காத இப்படி ஒரு வரிசை அரிது. ஊர் நடுவே ரோடெ ஸ்டேன் சதுக்கத்தில் 1609ஆம் ஆண்டு எடை மண்டபம், எதிரே 1632இல் கட்டிய, வட்டார ஆட்சி மன்றம் கூடிய கட்டடம், நடுவில் யான் பீட்டர்ஸோன் கூன் சிலை. இந்த ஊரில் பிறந்தவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராக 1621இல் இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவு மக்களைக் கொன்றும் விரட்டியும் அந்தத் தீவுகளின் ஜாதிக்காய் வணிகத்தைக் கைப்பற்றியவர். சிலை இன்றும் சர்ச்சைக்குரியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஹோர்னும் ஒன்று, டெல்ஃப்டும் ஒன்று, மிடல்பர்க்கும் ஒன்று. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியதும், 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் இதே கம்பெனி. சோழமண்டலக் கரையிலிருந்து துணி மட்டும் போகவில்லை, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் பழவேற்காட்டில் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த அழகான முகப்புகளுக்குப் பணம் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. இதைத் தெரிந்துகொண்டு படம் எடுப்பதும் தெரியாமல் எடுப்பதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் துறைமுகம் இன்னும் நெருக்கமாகத் தெரியும்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்பதும் ஊரைப் பொறுத்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே பெரும்பாலும் போதும், அகலக் கால்வாய் மீதியைப் பார்த்துக்கொள்ளும். டெல்ஃப்டுக்கு இன்னும் அகலமாகப் பிடிக்கும் 24 மில்லிமீட்டர், ஹார்லெமுக்குக் கூடவே ஒரு நீண்ட லென்ஸ். போன் மட்டும் வைத்திருப்பவர் திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் கோட்டோடு ஒட்டும்வரை போனை மட்டமாக்கினாலே பாதி வேலை முடிந்தது. முகட்டுக்கு மேலேயும் பக்கங்களிலும் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டு எடுத்தால் பிறகு சாய்வைத் திருத்தும்போது உச்சி வெட்டுப்படாது. ட்ரைபாட் வேண்டாம். நடைபாதைகள் அதற்கு இடம் தரா, செந்நிறத்தில் போட்ட பாதை சைக்கிளுக்கானது, அதில் ஒரு கணம்கூட நிற்கக்கூடாது.

மாதம் உங்கள் கையில் இருந்தால் மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் பாதியும். ஏப்ரல் 27 மன்னர் தினம், ஆம்ஸ்டர்டாம் முழுக்க ஆரஞ்சு உடையும் கடைகளுமாக இருக்கும், முகப்புகளைப் பார்க்கவே முடியாது. கோடையில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் ஆம்ஸ்டர்டாமைக் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டு, மரம் மறைக்காத சதுக்கங்கள் உள்ள டெல்ஃப்டுக்கும் ஹார்லெமுக்கும் மீதி நேரத்தைக் கொடுங்கள். டிசம்பரில் போகிறவர் டெல்ஃப்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எட்டே முக்காலுக்கு விடிந்து நாலரைக்கு இருட்டிவிடும், அந்தக் குறுகிய பகலுக்கு அந்த ஊரின் அளவு சரியாக இருக்கும்.